பெடலில் இருப்பவர்

சௌந்தரியிடம் இரண்டு பேர் தொழில் கற்றார்கள். ஒருவர் கருணாகரன். மற்றவன் இம்மானுவேல்.

பட்டறை கோயம்புத்தூருக்குத் தெற்கே, பந்தயத் தடத்துக்குப் போகிற சாலையில் இருந்தது. வேகமாக ஓடுகிற கார்களுக்கு அங்கே பிரேக் வேலை மட்டும் செய்வார்கள். வேறு வேலை கொண்டு வந்தால் சௌந்தரி பக்கத்துப் பட்டறையைக் கை காட்டுவார்.

சௌந்தரிக்கு முப்பத்தெட்டு வயது. கருணாகரனுக்கு நாற்பத்தாறு. கருணாகரன் முன்பு சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தவர். புது மாதிரி கார்கள் வந்தபோது அவற்றின் பிரேக் அவருக்குப் பிடிபடவில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டுச் சௌந்தரியிடம் வந்தார்.

"எனக்குச் சொல்லித் தருவீங்களா அம்மணி?"

சௌந்தரி பெட்டியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைத்து அவரிடம் நீட்டினார். அதுதான் பதில். தொழிலில் அவர் குரு, வயதில் இவர் மூத்தவர். இருவருக்கும் அதில் சங்கடம் இல்லை. ஐந்து ஆண்டுகள் அப்படியே போயின.

பிறகு இம்மானுவேல் வந்தான். தூத்துக்குடிக்காரன். முப்பது வயது. வேலையும் செய்வான், வாயும் பேசுவான்.

சௌந்தரி அவனை "நீ" என்பார். கருணாகரனை "நீங்க" என்பார். வயதுக்குத் தருகிற மரியாதை அது. கருணாகரனுக்கும் அது தெரியும். ஆனாலும், "தம்பி, நீ இங்க வா" என்று அவர் இம்மானுவேலைக் கூப்பிடும்போது கருணாகரனுக்குக் காது சுட்டது. "நீங்க" என்பது வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைப்பது போலவும், "நீ" என்பது உள்ளே கூப்பிட்டுச் சோறு போடுவது போலவும் அவருக்குப் பட்டது.

இம்மானுவேல் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சௌந்தரி ஒருநாள் சத்தமாகச் சிரித்தார். கருணாகரன் வெளியே போய்க் கை கழுவினார். கையில் அழுக்கு இல்லை.

பிரேக்கில் காற்று எடுப்பது இருவர் சேர்ந்து செய்யும் வேலை. பிரேக் ஆயில் ஓடுகிற குழாய்க்குள் காற்று புகுந்திருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெடலை மிதிப்பார். மற்றவர் சக்கரத்தருகே படுத்து, அங்கே இருக்கிற நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து மூடுவார். நிப்பிளில் மாட்டிய பிளாஸ்டிக் குழாய் வழியாக ஆயிலும் காற்றுக் குமிழும் வெளியே வந்து பாட்டிலில் விழும்.

"பிடி" என்பார் சக்கரத்தில் இருப்பவர்.

"பிடிச்சேன்" என்பார் பெடலில் இருப்பவர். நிப்பிள் திறக்கும். பெடல் கீழே போகும். நிப்பிள் மூடும்.

"விடு."

"விட்டேன்."

இதைத் தவிர வேறு பேச்சுக் கூடாது என்பது சௌந்தரி போட்ட சட்டம். முன்பு ஒருமுறை, பெடலில் இருந்தவன் கிரிக்கெட் பற்றிப் பேச்சுக் கொடுத்தான். சக்கரத்தில் இருந்தவன், "அந்தக் கதைய விடு" என்றான். மற்றவன் பெடலை விட்டுவிட்டான். நிப்பிள் திறந்திருந்தது. வெளியே வந்த காற்று திரும்ப உள்ளே போனது. அன்றிலிருந்து, சக்கரத்தில் இருப்பவர் கேட்டால்தான் பெடலில் இருப்பவர் பேச வேண்டும்.

கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஆயில் வெளியேற வெளியேற, பானட்டின் கீழே இருக்கிற டப்பாவில் மட்டம் இறங்கும். டப்பா வறண்டால் மேலிருந்து புதுக் காற்று உள்ளே போய்விடும். அதனால் டப்பாவுக்கு மேலே, முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்துக் கட்டுவார்கள். பெடலில் உட்கார்ந்தபடியே அதில் மட்டத்தைப் பார்க்கலாம். சக்கரத்தில் இருப்பவர் ஐந்தாறு மிதிக்கு ஒருதரம் "ஆயில்?" என்று கேட்பார். மற்றவர் கண்ணாடியைப் பார்த்துச் சொல்வார்.

யாமினியின் கார் சிவப்பு. இரண்டு பேர்தான் உட்காரலாம். யாமினி பந்தயத்தில் ஓட்டுகிற பெண். அவளுடைய காரில் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இருந்தது. வளைவில் வண்டி சறுக்கினால், ஓட்டுகிறவர் கேட்காமலே அது ஏதாவது ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து வண்டியை நேராக்கும். அந்த வேலைக்கென்று அலுமினியக் கட்டி ஒன்று உண்டு. அதற்குள் ஒரு பம்ப்பும் சின்னச் சின்ன வால்வுகளும் இருக்கும்.

கட்டிக்குள் சில வழிகள் எப்போதும் மூடியே கிடக்கும். அங்கே காற்று புகுந்துவிட்டால் பெடலுக்குத் தெரியாது. மிதித்தால் கல் மாதிரி நிற்கும். வண்டி சறுக்குகிற நேரத்தில்தான் அந்த வழிகள் திறக்கும். காற்றும் அப்போதுதான் வெளியே வரும். பெடல் தரை வரைக்கும் போகும்.

அந்தக் காற்றை எடுக்க ஸ்கேனர் வேண்டும். வண்டியில் அதைச் செருகி உத்தரவு கொடுத்தால், நின்ற இடத்திலேயே வழிகளைத் திறந்து பம்பை ஓட்டும்.

பந்தய சீசன் தொடங்க இருந்தது. சீசன் முழுவதும் யாமினியின் வண்டியோடு பட்டறையிலிருந்து ஒருவர் போக வேண்டும். பிரேக் அவர் பொறுப்பு. யார் போவது என்று சௌந்தரி சொல்லவில்லை.

கருணாகரனுக்கு அது வேண்டும். கேட்க மட்டும் மனம் வரவில்லை. கேட்டு வாங்கினால் அது பிச்சை என்று நினைத்தார்.

முதல் பந்தயத்துக்கு வண்டி போகிற அன்று காலை, சௌந்தரி இருவரையும் கூப்பிட்டார். புதிய பிரேக் குழாய்கள் மாட்டியிருந்தார்கள். காற்று எடுக்க வேண்டும்.

"தம்பி, நீ சக்கரத்துக்குப் போ. அண்ணா, நீங்க பெடல்ல உக்காருங்க."

சொல்லிவிட்டுத் தன் சொந்த ஸ்பேனரை எடுத்து இம்மானுவேலிடம் கொடுத்தார்.

"இத வெச்சுத் திற. நிப்பிள் தலை தேயாது."

அந்த ஸ்பேனர் ஒருநாளும் கருணாகரன் கைக்கு வந்ததில்லை. அவர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். சாத்தியதில் கொஞ்சம் சத்தம் கூடுதல்.

"அண்ணாச்சி, செருப்பக் கழத்திட்டு மிதிங்க" என்றது சக்கரத்தடியிலிருந்து ஒரு குரல். "அப்பத்தான் காலுக்குத் தெரியும்."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

"நான் எங்க சொல்லுதேன். அக்கா சொன்னாவ."

"அது எனக்குச் சொன்னது. மிச்சத்தத்தான் உனக்குச் சொல்லியிருக்காங்க."

இம்மானுவேல் சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பான். அதுவும் கருணாகரனுக்குப் பிடிக்கவில்லை.

சௌந்தரி அலுவலறைக்குப் போனார். இருவரும் வேலையைத் தொடங்கினார்கள்.

"பிடி."

"பிடிச்சேன்."

"விடு."

"விட்டேன்."

முதல் சக்கரம் முடிந்தது. இம்மானுவேல் சரியாகக் கேட்டான், கருணாகரன் சரியாகச் சொன்னார். டப்பாவில் ஊற்றினார்கள். இரண்டாவது சக்கரமும் முடிந்தது.

மூன்றாவது சக்கரத்தில் நிப்பிள் இறுக்கமாக இருந்தது. இம்மானுவேலின் கவனம் முழுக்க அதில் போனது. நிப்பிள் இளகியதும் மறுபடி "பிடி", "விடு" என்றான். ஆயிலைப் பற்றிக் கேட்கவில்லை.

கருணாகரன் கண்ணாடியைப் பார்த்தார். மட்டம் டப்பாவில் போட்டிருந்த கீழ்க்கோட்டுக்கு வந்திருந்தது.

இப்போது கேட்பான் என்று காத்திருந்தார்.

"பிடி" என்றான் அவன்.

"பிடிச்சேன்."

மட்டம் கோட்டுக்குக் கீழே போனது. கருணாகரனுக்கு உள்ளே ஒரு இனிப்பு ஊறியது. சொந்த ஸ்பேனர் கொடுத்தாரே, இப்போது பார்க்கட்டும் என்று நினைத்தார். கேட்டால் பேசு என்பது சட்டம். அவன் கேட்கவில்லை.

"விடு."

"விட்டேன்."

"பிடி."

டப்பாவின் அடி தெரிந்தது. கருணாகரன் மிதித்தார். காலுக்குக் கீழே பெடல் வழுக்கிக்கொண்டு போனது. சக்கரத்தடியில் குழாய் முழுக்க நுரை வந்தது.

"ஐயையோ அண்ணாச்சி, ஏர் கொட்டுது. நிப்பிள நேரத்துக்கு மூடாம விட்டுட்டேன் போல."

கருணாகரன் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். எப்படியும் கடைசியில் சௌந்தரி ஸ்கேனரைச் செருகிப் பம்பை ஓட்டுவார். கட்டியிலிருந்து காற்று வரும். எப்படி வந்தது என்று கேட்பார். அப்போது சொன்னால் போதும், அவர் முன்னாலேயே சொல்லலாம். அவன் கேட்கவே இல்லை என்று.

இறங்கிப் போய் டப்பாவில் ஆயிலை நிரப்பினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"எடு" என்றார். "மொதல்ல இருந்து எடு."

எடுத்தார்கள். நான்கு சக்கரத்திலும் ஆயில் குமிழில்லாமல் வந்தது. பெடல் கல் மாதிரி நின்றது.

சௌந்தரி வந்தார். ஸ்கேனர் பெட்டியைத் திறந்து வண்டியில் செருகினார். திரை ஒருமுறை வெளுத்தது. அப்புறம் இருண்டது. மறுபடி செருகிப் பார்த்தார். எரியவில்லை. யாருக்கோ ஃபோன் செய்தார்.

"பீளமேட்டுல ஒருத்தர்கிட்ட இருக்குதாம். நாளைக்குத்தான் தர முடியுமாம்."

யாமினி வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கையில் முறுக்குப் பொட்டலம்.

"அக்கா, வண்டி குளிச்சு முடிச்சாச்சா? மத்தியானத்துக்குள்ள தடத்துல செக்கிங்குக்குக் காட்டணும். லேட்டானா உள்ள விட மாட்டாங்க."

சௌந்தரி காரில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தார். இரண்டாம் முறையும் மிதித்தார்.

"பெடல் நல்லா இருக்குது. நடுவுல ஏதாச்சும் ஆச்சா தம்பி?"

"மூணாவது சக்கரத்துல நிப்பிள் வழியா கொஞ்சம் ஏர் இழுத்துட்டேங்க்கா. என் தப்புதான். அப்புறம் சுத்தமா எடுத்தாச்சு."

"நிப்பிள்ல இழுத்தா அந்தச் சக்கரத்தோட போகும். கட்டிக்கு வராது. டப்பா காலியாச்சா?"

இம்மானுவேல் யோசித்தான்.

"நான் ஒரு தடவ கேக்க விட்டிருப்பேன். ஆனா அண்ணாச்சி கண்ணாடிய பாத்துக்கிட்டுதான இருந்தாவ. அண்ணாச்சி இருக்கையில டப்பா காலியாவுமாக்கா?"

சௌந்தரி கருணாகரனைப் பார்த்தார்.

"காலியாகலைல்லங்ணா?"

கருணாகரன் தலையசைத்தார். எந்தப் பக்கம் அசைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. சௌந்தரி அதை இல்லை என்று எடுத்துக்கொண்டார்.

"டப்பா காலியாகலைன்னா ஸ்கேனர் வேண்டியதில்ல. வண்டி போகலாம்."

சாவியை யாமினியிடம் கொடுத்தார். பிறகு கருணாகரன் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, துணிமணி எடுத்துக்குங்க. சீசன் பூரா நீங்கதான் கூடப் போறீங்க."

கருணாகரன் நின்ற இடத்திலேயே நின்றார்.

"நானுங்களா?"

"பின்ன யாரு? போன மாசமே முடிவு பண்ணினது."

இம்மானுவேல் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு வந்து காரில் வைத்தான்.

"அண்ணாச்சி, பந்தயத்துல கூல்டிரிங்க்ஸ் ஓசியில குடுப்பாவளாம். எனக்கு ரெண்டு பாட்டில் அமுக்கிட்டு வாங்க."

கருணாகரன் யாமினியின் பக்கத்தில் உட்கார்ந்தார். முறுக்குப் பொட்டலத்தை அவள் அவர் மடியில் வைத்தாள்.

"அங்கிள், பெல்ட் போடுங்க. வளைவுல நான் மெதுவாப் போறவ இல்ல."

வண்டி சரளைக்கல் பாதையில் உருண்டது. வாசல் கேட்டுக்கு முன்னால் யாமினி பிரேக்கை மிதித்தாள். வண்டி நச்சென்று நின்றது.

"பிரேக்னா இதுதான் அங்கிள். கல்லு மாதிரி இருக்கு."

சாலையில் லாரி ஒன்று போனது. அது போகட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"கொஞ்சம் இருங்க" என்றார் கருணாகரன்.

"ஏன், எதையாவது மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

கையை நீட்டி இன்ஜினை அணைத்தார். முறுக்குப் பொட்டலத்தை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினார். பட்டறைக்கு நடந்தார்.

சௌந்தரி கை கழுவிக்கொண்டிருந்தார். இம்மானுவேல் பாட்டிலில் இருந்த பழைய ஆயிலை டின்னில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"டப்பா காலியாச்சுங்க அம்மணி."

சௌந்தரி குழாயை மூடினார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இறங்கும்போதே தெரியும்."

"சொல்லலையா?"

"அவன் கேக்கலைங்க. கேக்காம பேசக் கூடாதுன்னு நீங்கதான்..."

"பேச வேண்டாம்ணா. மிதிக்காம இருந்திருக்கலாமே."

கருணாகரன் தரையைப் பார்த்தார்.

சௌந்தரி கேட்டுக்கு நடந்து போய் யாமினியிடம் கை நீட்டினார்.

"சாவியக் குடு. வண்டி இன்னிக்கு வராது."

"என்னக்கா விளையாடறீங்களா? இப்பத்தான நல்லா இருக்குன்னீங்க."

"இப்ப நல்லா இல்லைங்கறேன். கட்டிக்குள்ள ஏர் இருக்குது."

"நான் மெதுவா ஓட்டறேன்."

"நீயா?"

யாமினிக்குச் சிரிப்பு வந்தது. உடனே கண்ணும் கலங்கியது.

"மொத பந்தயம் போச்சுன்னா சீசனே பாதி போன மாதிரிக்கா. யார் பண்ணின தப்பு?"

"பட்டறை பண்ணின தப்பு."

"பட்டறைன்னா?"

"நான்."

அவள் சாவியைக் கொடுத்துவிட்டு, வந்த வழியே நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள்.

இம்மானுவேல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். கருணாகரன் அவன் முன்னால் போய் நின்றார். திட்டுவான் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"அண்ணாச்சி, நான் கேக்காதது என் தப்புதான" என்றான் அவன். "கேட்டிருந்தா நீங்க பொய்யா சொல்லியிருப்பீய?"

அவன் நல்லவனாக இருந்தது கருணாகரனுக்கு ஆறுதலாக இல்லை. இப்படி இருக்கத் தனக்கு வராது என்று தோன்றியது. அந்தக் குணத்தின் மேலும் அவருக்குப் பொறாமை வந்தது.

அன்று வேறு வேலை ஓடவில்லை. மதியம் இம்மானுவேல் சாப்பிடப் போனான். சௌந்தரி டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். கருணாகரன் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்ணா."

"ஏனுங்க அம்மணி, அஞ்சு வருசமா இருக்கறவன் நான். நேத்து வந்தவனுக்கு நிப்பிள், எனக்குப் பெடலா? உங்க ஸ்பேனரையும் அவனுக்குத்தான குடுத்தீங்க."

"அவனுக்கு நிப்பிள் திறக்கத் தெரியாதுங்ணா. தலையத் தேச்சிருவான். அதான் நல்ல ஸ்பேனரக் குடுத்தேன்."

"பெடலு?"

சௌந்தரி மூடியை எடுத்து டிபன் பாக்ஸை மூடினார்.

"நிப்பிள்ல இருக்கறவன் தப்புப் பண்ணினா குழாயில தெரியும். நான் பாத்துக்குவேன். பெடல்ல இருக்கறவர் தப்புப் பண்ணினா அவருக்கு மட்டுந்தான் தெரியும். அங்க யாரை உக்கார வைப்பேன்?"

கருணாகரன் தன் வலது காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"கேட் வரைக்கும் போயிட்டு வந்தீங்களே" என்றார் சௌந்தரி. "அந்தப் புள்ளைக்காகப் பயந்தீங்களா, உங்களுக்காகவா? நீங்களும் அந்த வண்டியிலதான இருந்தீங்க."

"தெரியலைங்க அம்மணி."

"சரி" என்றார் சௌந்தரி. டிபன் பாக்ஸைத் திரும்பத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்.

மறுநாள் காலை பீளமேட்டிலிருந்து ஸ்கேனர் வந்தது. வண்டியை மறுபடி தூக்கி நிறுத்தினார்கள். கருணாகரன் சக்கரத்தருகேயும் போகவில்லை, கதவருகேயும் போகவில்லை. ஓரமாக நின்றார்.

"நான் எங்கீங்க?"

"பெடல்ல" என்றார் சௌந்தரி.

"இன்னைக்குமா?"

சௌந்தரி கதவைத் திறந்து விட்டார். கருணாகரன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். இம்மானுவேல் சக்கரத்தடியில் படுத்தான். சௌந்தரி ஸ்கேனரோடு கார் கதவருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உத்தரவு கொடுத்தார்.

கட்டி உறுமியது. கருணாகரனின் காலுக்கடியில் பெடல் நடுங்கியது. ஒருமுறை காலை மேலே தள்ளியது. பிறகு, நேற்று கல் மாதிரி இருந்த பெடல் அப்படியே கீழே போனது. தரை வரைக்கும் போனது.

பந்தயத்தில், ஒரு வளைவில், இந்தக் கால் யாமினியுடையதாக இருந்திருக்கும்.

"பிடி" என்றான் இம்மானுவேல். குழாயில் நுரை நுரையாக வந்தது. "அம்மாடி, எவ்வளவு இருந்திருக்கு பாருங்க."

"விடு."

"விட்டேன்."

"பிடி."

"பிடிச்சேன். ஆயில் இறங்குது."

கேட்காமல் வந்த பேச்சு அது. சௌந்தரி எழுந்து போய் டப்பாவில் ஊற்றிவிட்டு வந்தார்.

மறுபடி பம்பை ஓட்டினார்கள். மறுபடி நுரை வந்தது. கொஞ்சங்கொஞ்சமாக அது குறைந்தது. பிறகு தனித்தனிக் குமிழாக வந்தது. பிறகு அதுவும் நின்று, குழாயில் ஆயில் மட்டும் தேன் நிறத்தில் ஓடியது. பம்ப் ஓடும்போதும் பெடல் அசையாமல் நின்றது.

இம்மானுவேல் நிப்பிளை மூடித் துணியால் துடைத்தான். சௌந்தரி ஸ்கேனரின் வயரை உருவிச் சுற்றத் தொடங்கினார்.

கருணாகரன் காலை எடுக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"பூராவும் போயிருச்சுங்களா அம்மணி?"

சௌந்தரி வயரைச் சுற்றி முடித்தார்.

"தம்பி" என்றார்.

"என்னக்கா?"

"யாமினி வண்டியோட இந்த சீசன் பூரா நீ போ. பிரேக் உன் பொறுப்பு."

இம்மானுவேல் சக்கரத்தடியிலிருந்து எழுந்தான். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு கருணாகரனைப் பார்த்தான். முதன்முறையாக அவன் சிரிக்கவில்லை.

"நானாக்கா? அண்ணாச்சி இருக்கையில நான் எப்படி..."

"நீதான்."

சௌந்தரி ஸ்டூலைக் கதவுக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கருணாகரனின் காலைப் பார்த்தார். அது பெடல் மேலேயே இருந்தது.

"இப்பச் சொல்லுங்ணா. பெடல் எப்படி இருக்குது?"

இம்மானுவேல் குனிந்து குழாயைப் பார்த்தான். அதில் ஒரு குமிழ்கூட இல்லை.

கருணாகரன் கண்ணாடியைப் பார்த்தார். மட்டம் சரியாக இருந்தது. காலுக்கடியில் பெடலும் கல் மாதிரி நின்றது, ஆனால் "நீதான்" என்றதைக் கேட்ட காது இன்னும் சுட்டது.

"இறங்குதுங்க அம்மணி. இன்னும் இறங்குது."

சௌந்தரி சுற்றிய வயரைப் பிரித்து மறுபடி வண்டியில் செருகினார்.

"அப்ப இன்னொருக்கா எடுத்துரலாம்" என்றார்.